ஸ்பீக்கருக்குப் பின்னால நாலு முனை: பை-வயர், பை-அம்ப் பற்றி அடிக்கடி கேக்கிற கேள்வியள்

இஞ்ச ஆர் வீட்டில ரிசீவர் (ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஓட்டுற ஹோம் தியேட்டர் பெட்டி) பூட்டப் போனாலும், ஸ்பீக்கர் பற்றி ஆராவது போனில கதைச்சாலும், கடைசியில இந்த பை-வயர் பை-அம்ப் விசயத்திலதான் வந்து நிக்குது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டந்து குடுத்த டவர் ஸ்பீக்கர், கொழும்பில செகண்ட் ஹாண்டா வேண்டினது எண்டு நல்ல சாமான் யாழ்ப்பாண வீடுகளில இப்ப கனக்க இருக்கு, ஆனா பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்த உடன ஆக்களுக்குக் குழப்பம். கேட்டவை கேட்ட மாதிரியே கேள்வியளைப் போட்டு பதில் எழுதியிருக்கிறன், லேசானது மேல, சிக்கலானது கீழ.

அண்ணா, வயர் கொழுவ ரெண்டு முனைதானே வேணும், என்ர ஸ்பீக்கரில நாலு இருக்கு, மற்ற ரெண்டும் என்னத்துக்கு?

ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள கிராஸ்ஓவர் எண்டு ஒரு சின்ன போர்ட் இருக்கு. வாற சிக்னலைப் பிரிச்சு கீழ் சத்தத்தை (பாஸ்) வூஃபர் எண்ட பெரிய கோனுக்கும் மேல் சத்தத்தை (ட்ரெபிள்) ருவீட்டர் எண்ட சின்னதுக்கும் அனுப்புறது அதுதான். சாதாரண ஸ்பீக்கரில இந்த ரெண்டு பகுதியும் உள்ளுக்கயே சேர்ந்து ஒரு சோடி முனையா வெளியில வரும். உங்கட ஸ்பீக்கரில ரெண்டையும் தனித்தனியா வெளியில விட்டிருக்கு, பெரும்பாலும் மேல இருக்கிற சோடி ருவீட்டருக்கு, கீழ இருக்கிற சோடி வூஃபருக்கு.

ரெண்டு சோடிக்கும் நடுவில பொன்னிறத்தில ஒரு தகடு இருக்கும், இல்லாட்டி கட்டை வயர் ஒண்டு இருக்கும், அதைத்தான் ஜம்பர் எண்டுறது. கேஇஎஃப் ஆர் சீரிஸ் மாதிரி சிலதில தகடு இல்லாமல் திருகிற குமிழ் இருக்கும். ஜம்பர் இருக்கும் மட்டும் நாலு முனையும் ஒரு சோடி மாதிரித்தான் வேலை செய்யும், ஒரு வயரைக் கொழுவிப்போட்டு பாட்டுக் கேக்கலாம், ஒரு குறையும் இல்லை.

பை-வயர் பை-அம்ப் ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. பை-வயர் எண்டா அம்ப் (சிக்னலைப் பெருப்பிக்கிற அம்ப்ளிபயர்) ஒண்டு, அதே முனையில இருந்து ரெண்டு வயர் புறப்பட்டு ஒண்டு ருவீட்டர் சோடிக்கும் மற்றது வூஃபர் சோடிக்கும் போகும். பை-அம்ப் எண்டா ருவீட்டருக்கு ஒரு அம்ப் சனல் (ரிசீவருக்குள்ள இருக்கிற தனி அம்ப் பகுதி), வூஃபருக்கு வேற ஒரு அம்ப் சனல். ஸ்பீக்கர் பக்கம் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், வித்தியாசம் முழுக்க அம்ப் பக்கத்திலதான், அதாலதான் ஆக்கள் குழம்புறது.

அந்தத் தகட்டைக் கட்டாயம் கழட்டவேணுமோ? கழட்டாட்டி என்ன நடக்கும்?

இதை மட்டும் வடிவா வாசியுங்கோ. பை-வயரில தகட்டைக் கழட்ட மறந்தா ஒண்டும் நடக்காது, ரெண்டு வயரும் சேர்ந்து ஒரு மொத்த வயரா வேலை செய்யும், அவ்வளவுதான். பை-அம்பில கழட்டாட்டி ரெண்டு அம்ப் சனலின்ர வெளியீடும் தகட்டால நேரா முட்டிக்கொள்ளும். ரெண்டு சனலும் ஒருநாளும் நூற்றுக்கு நூறு ஒரே வோல்ட் தராது, அந்தச் சின்ன வித்தியாசமே காணும், ஒரு சனல் மற்றதுக்குள்ள கரண்டைத் தள்ளத் தொடங்கும். நல்ல காலமெண்டா ரிசீவர் தன்னைக் காப்பாத்த ப்ரொடெக்ஷனுக்குப் போய் நிக்கும், இல்லாட்டி உள்ளுக்க ட்ரான்சிஸ்டர் போகும்.

அதால பை-அம்ப் செய்யேக்க ரிசீவரை நிப்பாட்டி, பிளக்கையும் கழட்டிப்போட்டு, ரெண்டு ஸ்பீக்கரிலயும் தகடு கையில வந்திட்டுதா எண்டு பாத்திட்டுத்தான் வயர் கொழுவுங்கோ. கழட்டின தகட்டை ஒரு பையில போட்டு ஸ்பீக்கருக்குப் பின்னாலயே ஒட்டி வையுங்கோ, பிறகு தேட வேண்டி வரும்.

பை-வயர் செய்தா சத்தம் தெளிவா வரும் எண்டு கடையில சொன்னவை, உண்மையோ?

காதால பிடிக்கிற அளவுக்கு இல்லை. அவை சொல்லுற காரணம், வூஃபருக்குப் போற பெரிய கரண்ட் ஒரே வயரில வந்தா ருவீட்டரின்ர மெல்லிய சிக்னலைக் கெடுத்துப்போடும் எண்டு. கணக்குப் பாப்பம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 5 மீற்றர் நீளம், போக வர 10 மீற்றர், அதின்ர தடை கிட்டத்தட்ட 0.07 ஓம்ஸ். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அந்த வயரால வாற இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. ஸ்பீக்கரின்ர இம்பீடன்ஸ் (கரண்டுக்கு ஸ்பீக்கர் குடுக்கிற தடை) ஒரு இடத்தில 4 ஓம்ஸ், இன்னொரு இடத்தில 20 ஓம்ஸ் எண்டு ஏறி இறங்கினாலும் ரெண்டு இடத்துக்கும் இடையில வயரால வாற வித்தியாசம் 0.12 டெசிபெல்தான். பிரிக்கவேண்டிய அளவுக்கு அங்க ஒரு குழப்பமும் இல்லை.

கையில ரெண்டு வயர் ஏற்கனவே இருந்தா தகட்டைக் கழட்டாமலே ரெண்டையும் கொழுவுங்கோ. அப்ப தடை பாதியாக் குறையும், பிரிச்சுக் கொழுவுறதை விட அது வூஃபருக்கு நல்லது. இதைக் கேட்டா பை-வயர் ஆக்களுக்குக் கோவம் வரும், ஆனா கணக்கு அப்பிடித்தான் சொல்லுது.

அப்ப இவ்வளவு பெரிய கம்பனியள் ஏன் ரெண்டு சோடி வைக்கிறாங்கள்?

வேண்டுற ஆக்கள் எதிர்பாக்கினம் எண்டது ஒரு முக்கிய காரணம், ரெண்டு சோடி இருந்தா விலை கூடின சாமான் மாதிரித் தெரியும். உண்மையா பை-அம்ப் செய்ய விரும்புற ஆக்களுக்கு வசதி எண்டதும் இருக்கு, அதைப் பிழை சொல்ல ஏலாது. ஆனா டைனாடியோ மாதிரி ஸ்பீக்கருக்கெண்டே பேர் எடுத்த கம்பனி கனகாலமா விலை கூடின மொடல்களிலயும் ஒரு சோடிதான் வைச்சு வருது. ரெண்டு சோடி இல்லாட்டி நல்ல ஸ்பீக்கர் இல்லை எண்டு நினைச்சு நல்ல சாமானை விட்டிடாதேங்கோ.

என்ர ஒரு ஸ்பீக்கரில ருவீட்டர் வேலை செய்யேல்லை, எரிஞ்சு போச்சோ?

இதுக்கும் பை-அம்புக்கும் சம்பந்தமில்லை எண்டு நினைப்பியள், இருக்கு. வயரைக் கீழ் சோடியில கொழுவியிருந்தா ருவீட்டருக்குப் போற சிக்னல் முழுக்க அந்தத் தகட்டாலதான் போகுது. தகடு இளகினா, இல்லாட்டி பாசி பிடிச்சா ருவீட்டர் ஊமை. குருநகர், பருத்தித்துறை, ஊர்காவற்றுறை மாதிரி கடல் பக்கத்து வீடுகளில உப்புக் காத்துக்கு இது கெதியா வரும். கொக்குவிலில ஒரு வீட்டில ருவீட்டர் போட்டுது எண்டு புதுசு ஓடர் பண்ண இருந்தவை, நட்டைத் திருப்பிப் பாத்தா தகட்டுக்குக் கீழ பச்சைப் பொடி, நட்டும் விரலாலயே சுத்துற மாதிரி இளகிக் கிடந்தது. மெல்லிய சான்ட்பேப்பரால ஒருக்கா உரசி, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, இறுக்கின உடன சத்தம் வந்திட்டுது.

உரசேக்க பொன் பூச்சு இருக்கிற முனையளில கவனம், அதுக்கு ஸ்பிரிட் மட்டும் காணும். தகடு மோசமா அரிச்சிருந்தா அதே செப்பு ஸ்பீக்கர் வயரில கட்டையா ஒரு துண்டு வெட்டி ஜம்பரா போடுங்கோ, காசு குடுத்து வேண்டத் தேவையில்லை.

ரிசீவர்ல பை-அம்ப் எண்டு ஒரு ஓப்ஷன் இருக்கு, போட்டா 100 வாட்ஸும் 100 வாட்ஸும் சேர்ந்து 200 வருமோ?

வராது. எல்லாரும் ஏமாறுற இடம் இது, கொஞ்சம் நீட்டி எழுதுறன். 8 ஓம்ஸுக்கு 100 வாட்ஸ் தர அம்புக்கு 28 வோல்ட் கிட்ட வேணும், சத்தம் கூட்டிக்கொண்டு போகேக்க அந்த வோல்ட் உச்சத்தில முட்டினால்தான் அம்ப் உடைஞ்ச சத்தம் தரும். ரிசீவர்ல பை-அம்ப் போட்டா ரெண்டு சனலுக்கும் முழு சிக்னலும்தான் போகுது, பிரிக்கிற வேலை பழையபடி ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கிராஸ்ஓவர்தான் செய்யுது. அப்ப வூஃபரை ஓட்டுற சனல் முந்தி எந்த இடத்தில முட்டிச்சுதோ இப்பவும் அதே இடத்திலதான் முட்டும். ருவீட்டர் சனலில மிச்சம் இருக்கிற பவர் அங்க சும்மா கிடக்கும், அது வூஃபருக்கு வராது. பாட்டில பவர் சாப்பிடுறது பெரும்பாலும் கீழ் சத்தம்தான், ருவீட்டருக்குப் போறது சின்னப் பங்கு.

இன்னொண்டு, ரிசீவருக்குள்ள எத்தினை சனல் இருந்தாலும் பவர் சப்ளை ஒண்டுதான். ஒரே தண்ணி ராங்கில இன்னொரு பைப் பூட்டினா ராங்கில தண்ணி கூடாது. சரி, ஒரு பேச்சுக்கு உண்மையாவே 200 வாட்ஸ் வந்தாலும் அது 3 டெசிபெல்தான், வொலியூமைக் கொஞ்சம் கூட்டின மாதிரி இருக்கும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தம் எண்டு தெரிய கிட்டத்தட்ட 10 டெசிபெல் வேணும், அதுக்குப் பத்து மடங்கு பவர் வேணும்.

சரி, பிரயோசனம் குறைவு எண்டாலும் ஒருக்கா செய்து பாக்கவேணும், எப்பிடி செட் பண்ணுறது?

சும்மா கிடக்கிற சனல் இருந்தா செய்து பாருங்கோ, வயர் காசைத் தவிர வேற நட்டம் இல்லை. ரிசீவரின்ர முன் ஸ்பீக்கர் முனையில இருந்து ஒரு வயர், சரவுண்ட் பாக் எண்ட பின் ஸ்பீக்கர் முனையில இருந்து இன்னொரு வயர், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இப்பிடி ரெண்டு. தகடு பற்றி மேல சொன்னதை மறக்காதேங்கோ. பிறகு மெனுவில போய் மாத்தவேணும், டெனோனில அம்ப் அசைன், யமஹாவில பவர் அம்ப் அசைன் எண்டு இருக்கும், அதுக்குள்ள பை-அம்ப். மெனுவில மாத்தாமல் வயரை மட்டும் கொழுவினா ருவீட்டரில சத்தமே வராது, இல்லாட்டி பின்பக்க சத்தம் முன்னால வரும்.

எந்தச் சனலை ருவீட்டருக்குப் போடுறது எண்டு மெனுவல் ஒரு மாதிரிச் சொல்லும், மாறிப்போனாலும் பயமில்லை, ரெண்டிலயும் ஒரே சிக்னல்தான். ஆனா சிவப்பு கறுப்பு மாறக்கூடாது. ருவீட்டர் சோடியில மட்டும் தலைகீழாக் கொழுவினா வூஃபரும் ருவீட்டரும் சேருற இடத்தில, கனக்க ஸ்பீக்கரில அது 2000 - 3000 ஹேர்ட்ஸ் பக்கம், ரெண்டும் ஒண்டை ஒண்டு அழிச்சு பாடுற குரல் குழிஞ்சு போன மாதிரிக் கேக்கும். பை-அம்ப் செய்த பிறகு குரல் மோசமாப் போச்சு எண்டு ஆராவது சொன்னா நான் முதல் பாக்கிறது இதைத்தான். எல்லாம் முடிய, மைக் வைச்சுச் சத்தத்தைச் சரிபண்ணுற ஓடிசியோ வைபிஏஓவோ உங்கட ரிசீவர்ல இருக்கிறதைத் திரும்ப ஒருக்கா ஓட்டுங்கோ.

என்ர ரிசீவர் 7 சனல், பை-அம்ப் போட்டா பின் ஸ்பீக்கர் இல்லாமல் போகுதே, எது நல்லம்?

ஸ்பீக்கர் பூட்ட இடம் இருந்தா ஸ்பீக்கர்தான் நல்லம், யோசிக்கவே தேவையில்லை. 7 சனலில 7.1 (ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஒண்டு, 5.1.2 அட்மோஸ் (மேல இருந்து சத்தம் வர ரெண்டு ஸ்பீக்கரோட) ஒண்டு, 5.1 கூட பை-அம்ப் ஒண்டு, மூண்டில ஒண்டைத்தான் எடுக்கலாம். புதுசா ரெண்டு ஸ்பீக்கர் வந்தா படத்தில உடன தெரியும், பை-அம்ப் தெரியாது.

அட்மோஸுக்கு எங்கட வீடுகளில ஒரு பிரச்சினை இருக்கு. மேல நோக்கி அடிக்கிற ஸ்பீக்கருக்கு சத்தம் பட்டுத் திரும்ப மட்டமான தட்டு வேணும், ஓட்டுக் கூரையில சீலிங் அடிக்காத வீட்டில அது வேலை செய்யாது. அப்பிடி வீட்டில தீராந்தியில சின்ன ஸ்பீக்கர் பூட்டுங்கோ, இல்லாட்டி 7.1 போடுங்கோ.

எந்த வயர் வேண்டுறது? வீட்டு வயரிங்குக்கு வாற 7/0.67 போட்டா பிழையோ?

பிழையே இல்லை. 7/0.67 எண்டா 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு, சேர்த்தா 2.5 சதுர மில்லிமீற்றர் கிட்ட, பிளக் பொயின்ருக்கு இழுக்கிற அதே வயர். களனி, ஏசிஎல் கம்பனியளின்ர வீட்டு வயரிங் வயரெல்லாம் செம்புதான். ஒரே குறை, அது விறைப்பு, வளைச்சு வளைச்சு இழுக்கிறது கஸ்டம், ஸ்பீக்கரை நகர்த்தேக்க முனையை இழுத்து இளக்கியும் போடும். மெல்லிய கம்பி கனக்க இருக்கிற ஸ்பீக்கர் வயர் கைக்கு லேசு, அதுக்காக மட்டும் அதை வேண்டலாம்.

கவனிக்கவேண்டியது செம்பு பூசின அலுமினியம். மலிவா, மொத்தமா, வடிவான கண்ணாடித் தோலோட வாறதில கனக்க அதுதான். ஒரு கம்பியை எடுத்து பிளேட்டால சுரண்டிப் பாருங்கோ, செம்பு போய் உள்ளுக்க வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம், கையில தூக்கவும் இலேசா இருக்கும். அது செம்பை விட தடை கூட, உப்புக் காத்துக்கு முனையும் கெதியா அரிச்சுப் போகும். ஒக்சிஜன் ப்ரீ எண்டு போட்டிருக்கிறதுக்கு மேலதிகமாக் காசு குடுக்காதேங்கோ, செம்பு செம்பா இருந்தாக் காணும்.

பழைய ஸ்டீரியோ அம்ப் ஒண்டு சும்மா கிடக்கு, அதை வூஃபருக்கும் ரிசீவரை ருவீட்டருக்கும் போடலாமோ?

ரிசீவர்ல ப்ரீ-அவுட் (பெருப்பிக்க முந்தின சிக்னலை வெளி அம்புக்கு எடுக்கிற முனை) இருந்தால்தான் செய்யலாம். அதிலயும் சிக்கல் என்னெண்டா ரெண்டு அம்பும் சிக்னலை எத்தினை மடங்கு பெருப்பிக்குது எண்டது ஒத்துவராது. ஒண்டு 26 டெசிபெல், மற்றது 29 டெசிபெல் எண்டு இருந்தா வூஃபருக்கும் ருவீட்டருக்கும் இடையில 3 டெசிபெல் ஏற்றத்தாழ்வு, ஸ்பீக்கர் செய்தவன் காதும் மீற்றரும் வைச்சுச் சரிபண்ணின சுருதி முழுக்க குழம்பிப்போகும். சில அம்ப் சிக்னலைத் தலைகீழாக்கியும் விடும், அப்ப மேல சொன்ன குரல் குழியிற கதைதான்.

அந்த அம்ப் நல்ல அம்ப் எண்டா பிரிக்காமல் முன் ஸ்பீக்கர் ரெண்டையும் முழுசா அதிலயே ஓட்டுங்கோ. ரிசீவருக்கும் பாரம் குறையும், இது பை-அம்பை விட நேர்மையான முன்னேற்றம்.

கோயில் திருவிழாவுக்கு வாற சவுண்ட் சேர்விஸ் ஆக்களும் பை-அம்ப் எண்டு சொல்லினம், அதுவும் இதுதானோ?

அதுதான் உண்மையான பை-அம்ப். அவை மிக்சரில இருந்து வாற சிக்னலை அம்புக்குப் போக முதலே கிராஸ்ஓவர் பெட்டியால பிரிச்சு, கீழ் சத்தத்தை ஒரு அம்புக்கும் மேல் சத்தத்தை வேற அம்புக்கும் அனுப்புவினம். இதில வூஃபர் அம்ப் உச்சத்தில முட்டினாலும் அந்த உடைஞ்ச சத்தம் ருவீட்டருக்குப் போகாது, ஒவ்வொரு அம்பும் தன்ர பங்கை மட்டும் பாக்கும், லெவலையும் டிலேயையும் தனித்தனியாச் சரிபண்ணலாம். தவில் அடி விழேக்க நாதஸ்வரம் நசுங்காமல் நிக்கிறது இப்பிடிப் பிரிச்சு ஓட்டுறதால.

வீட்டுக்கும் இது ரெடிமேட்டா வருது. யமஹா எச்எஸ்8 மாதிரி ஸ்ரூடியோ மொனிற்றர் எடுத்தா உள்ளுக்கயே வூஃபருக்கு 75 வாட்ஸ், ருவீட்டருக்கு 45 வாட்ஸ் எண்டு தனித்தனி அம்ப், அம்புக்கு முன்னுக்கே கிராஸ்ஓவர். பை-அம்பில ஆசை எண்டா காசை இதில போடுங்கோ.

என்ர டவர் ஸ்பீக்கரையும் அப்பிடி மாத்தலாமோ? மினிடிஎஸ்பி (சிக்னலைப் பிரிக்கிற சின்ன டிஜிட்டல் பெட்டி) ஒண்டு வேண்டினாக் காணுமோ?

காணாது. பெட்டியைத் திறந்து உள்ளுக்க இருக்கிற கிராஸ்ஓவரை எடுக்கவேணும், மைக் வைச்சு அளந்து புதுசா கிராஸ்ஓவர் எழுதவேணும், ரெண்டு மடங்கு அம்ப் வேணும். ஒரு செற்றிங் பிழைச்சு பாஸ் முழுக்க ருவீட்டருக்குப் போனா நொடியில எரியும், ரிசீவர் பை-அம்பில உள்ள பாதுகாப்பு இதில இல்லை. அளந்து பழகின பெடியள் செய்யட்டும், மற்ற ஆக்கள் நல்ல ஸ்பீக்கரைப் பிரிச்சுக் கெடுக்கவேண்டாம்.

ரொறொன்ரோவில இருந்து மாமா ரிசீவர் அனுப்பினவர், 120 வோல்ட் எண்டு போட்டிருக்கு, பை-அம்ப் போட்டா ட்ரான்ஸ்போமர் தாங்குமோ?

முதல் கேள்வி பை-அம்ப் இல்லை தம்பி, அதை நேரா எங்கட 230 வோல்ட்டில குத்திப்போடாதேங்கோ, அந்த நிமிசமே போகும். 230 ஐ 120 ஆக்கிற ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வேணும். ரிசீவரின்ர பின்னால எத்தினை வாட்ஸ் இழுக்கும் எண்டு எழுதியிருக்கும், அதுக்கு ஒண்டரை மடங்காவது கூடின ட்ரான்ஸ்போமர் எடுங்கோ, 600 எண்டு இருந்தா 1000 எடுக்கலாம். சின்னன் பூட்டினா பாஸ் அடிக்கேக்க வோல்ட் விழும், சூடும் ஏறும். பை-அம்ப் போட்டாலும் போடாட்டிலும் ட்ரான்ஸ்போமருக்கு ஒரே கணக்குத்தான், ஏனெண்டா பவர் சப்ளை ஒண்டு எண்டு மேல சொல்லியிருக்கிறன்.

நீங்கள் என்ன சொன்னாலும் நான் பை-வயர் செய்தனான், வித்தியாசம் கேட்டனான்.

கேட்டிருப்பியள், நான் மறுக்கேல்லை. ஆனா வயர் மாத்தேக்க முனை துடைபட்டிருக்கும், இளகின நட்டு இறுகியிருக்கும், ஸ்பீக்கர் நாலு விரல்கடை நகர்ந்திருக்கும், அதெல்லாம் காதுக்குத் தெரியும். கழட்டிப் பூட்டுற நேரத்துக்குள்ள முந்திக் கேட்ட சத்தம் ஞாபகத்தில இருந்து மங்கியும் போகும்.

சோதிக்கிறதெண்டா வீட்டில இன்னொராளைக் கூப்பிடுங்கோ, வொலியூமைத் தொடாமல் அவர் தன்பாட்டில தகட்டைப் போட்டும் எடுத்தும் கொழுவட்டும், ஒவ்வொரு முறையும் ரிசீவரை நிப்பாட்டிப்போட்டு, உங்களுக்குச் சொல்லாமல். தட்சணாமூர்த்தியின்ர தவில் மாதிரி நீங்கள் உள்ளங்கையில வைச்சிருக்கிற ரெக்கோடிங் ஒண்டைப் போட்டு எது எது எண்டு எழுதுங்கோ. விரலடி வித்தியாசமாத் தெரிஞ்சு திரும்பத் திரும்பச் சரியாவும் சொன்னியளெண்டா நீங்கள் சொல்லுறது சரி.

அப்ப அந்தக் காசை எதில போடுறது?

சீமெந்து நிலம், வெறும் சுவர், கண்ணாடி யன்னல், இப்பிடி ஹோலில எந்த ஸ்பீக்கரும் கத்தும். நடுவில கம்பளம், யன்னலுக்கு மொத்தத் திரை, பக்கச் சுவரில புத்தக அலுமாரி, இதுக்குப் பிறகு கேட்டா உங்களுக்கே நம்ப ஏலாமல் இருக்கும். ஸ்பீக்கரைச் சுவரில இருந்து ஒரு முழம் முன்னுக்கு இழுத்துப் பாருங்கோ, அதுக்குக் காசும் இல்லை. மிஞ்சினா சப்வூஃபர். ரிசீவர்ல முன் ஸ்பீக்கரை ஸ்மோல் எண்டு போட்டு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் சப்புக்கு விட்டா ரிசீவருக்குப் பெரிய பாரம் இறங்கும், பை-அம்பில ஆக்கள் தேடுற அந்த இலகு உண்மையா இதிலதான் வரும்.

நான் ஏற்கனவே பை-அம்ப் போட்டிட்டன், இப்ப கழட்டி அந்த சனலில பின் ஸ்பீக்கர் பூட்டப் போறன், என்ன கவனிக்கவேணும்?

ஒழுங்கு முக்கியம். பிளக்கைக் கழட்டுங்கோ, முதல் சரவுண்ட் பாக் வயரை ரிசீவர்லயும் ஸ்பீக்கர்லயும் ரெண்டு பக்கமும் எடுங்கோ, அதுக்குப் பிறகுதான் தகட்டைத் திரும்பப் போட்டு இறுக்குங்கோ. வயர் இருக்கவே தகட்டைப் போட்டா முதல் சொன்ன மாதிரி ரெண்டு சனலும் தகட்டால முட்டிக்கொள்ளும். பிளக் குத்தின உடன மெனுவில பை-அம்பை எடுத்து சரவுண்ட் பாக் ஆக்குங்கோ, ரிசீவரை நிப்பாட்டிப்போட்டு பின் ஸ்பீக்கரைக் கொழுவி ஓடிசியைத் திரும்ப ஓட்டுங்கோ, ரெண்டு ருவீட்டரிலயும் சத்தம் வருதா எண்டு காதைக் கிட்ட வைச்சு ஒருக்காப் பாருங்கோ.